வாசிப்பு முடியும்வரை

ஒனேலியா மரேரோ மேடையேறி உட்கார்ந்ததும் உடனே வாயைத் திறக்கமாட்டாள். கண்ணாடிக் குவளையின் விளிம்பை வலது கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைப்பாள். பிறகு புத்தகத்தை விரித்து, அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதியின் கடைசி வரிக்கு நேராகப் போவாள். உதடு அசையாமல் அதைப் படிப்பாள். எந்த வரியில் போய் இறங்கப்போகிறோம் என்று தெரியாமல் அவள் முதல் வரியில் கால் வைத்ததில்லை. அப்புறம் பக்கங்களைப் பின்னுக்குத் திருப்பி ஆரம்பத்துக்கு வந்து, மைக்கை நகத்தால் இரண்டு முறை தட்டி, ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அந்தத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதைக் கீழே நூற்றுப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குவளை மேசையில் அமர்ந்த சத்தம் கேட்டதும் நூற்றுப் பத்துத் தலைகளும் புகையிலைக்குக் குனியும்.

எங்கள் ஊர் கபாய்குவானில் சுருட்டுச் சுற்றுகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கைகளைப் பட்டறையிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். காதுகளை ஒப்படைப்பதில்லை. அந்தக் காதுகளுக்காகத்தான் மேடையும் மைக்கும் வாசிப்பவளும். காலையில் செய்தித்தாள், பத்து மணிக்கு நாவல். எந்த நாவல் என்று பட்டறைதான் ஓட்டுப் போட்டு முடிவுசெய்யும். வாசித்தது பிடித்திருந்தால் இலை நறுக்கும் அரைவட்டக் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். இரண்டு முறை மட்டும் தட்டினால் அந்த இடத்தை மறுபடி வாசி என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். நூறு கத்திகள் ஒரே நேரத்தில் சிமென்ட் தரையில் விழும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறுநாள் வாசிக்க வருவதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கும் எழுதிவைக்கப்படாதது. வாசிக்கிறவர் கையிலிருப்பதைக் கவிழ்த்துவைத்து "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும்வரை யாரும் பெஞ்சை விட்டு எழக்கூடாது. மூத்திரம் முட்டினாலும் சரி, முதலாளி வந்து நின்றாலும் சரி. முதலாளிகள் இருந்த காலத்து வழக்கம் அது. அவர்கள் போய்ப் புரட்சி வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. ஒரு செப்டம்பரில் புயல் வந்து கூரைத் தகடு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போனபோது அத்தியாயத்தில் இரண்டு பக்கம் பாக்கியிருந்ததாம். அது முடிந்த பிறகே எழுந்து ஓடினார்களாம். இலையெல்லாம் நனைந்து வீணாயிற்று. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மார்பு கொஞ்சம் விரியும்.

ஒனேலியா அந்தப் பட்டறைக்கு வந்தது காம்பு உரிக்கத்தான். இலை கிழியாமல் நடு நரம்பை உருவியெடுக்கும் வேலை. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. புரட்சிக்குப் பிறகு, எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைத் தேடி மலைக்கும் காட்டுக்கும் போன அந்த ஒரு வருடத்தில் அவளும் ஒரு லாந்தர் விளக்கோடு போனாள். பதினொரு புகையிலை விவசாயிகள் அவளிடம் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் தன் குரல் அடுத்தவர்களை என்ன செய்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தாள். புரட்சி தனக்குக் கொடுத்ததை அவள் மறந்தவளில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் அவளைப் பற்றி வேறு மாதிரியும் பேசினார்கள்.

அறுபத்தெட்டில் பழைய வாசிப்பவர் ஓய்வுபெற்றார். மூன்று பேர் போட்டி, ஆளுக்கு இருபது நிமிடம். மற்ற இருவரும் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஒனேலியா வாசிக்கத் தொடங்கியதும் கைகள் தாமாக மெதுவாகின. சோகமான இடம் வரும்போது அவள் குரலை உயர்த்தவில்லை, தணித்தாள். கேட்பதற்காக எல்லோரும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த மூச்சை விடும்போது பாதிப் பேருக்குக் கண்ணீரும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத் தட்டிய தட்டில் மூன்று பலகைகள் விரிசல்விட்டதாகச் சொல்வார்கள்.

அழவைப்பதில் அவள் கெட்டிக்காரி. நாவலில் ஒரு குழந்தை செத்துப்போன நாளில் இரண்டாம் வரிசை புரா, வாய்க்கு ஊரே பயப்படும் புரா, ஐந்து சுருட்டைக் கோணலாகச் சுற்றித் தள்ளிவிட்டாள். தரம் பார்க்கிறவர் அதையெல்லாம் ஒதுக்கியபோது, "குழந்தை செத்திருக்கு, உனக்கு சுருட்டு நேரா வேணுமா? கல்லு நெஞ்சுடா உனக்கு!" என்று சண்டைக்குப் போனாள்.

இப்படியே பன்னிரண்டு வருடம் போயிற்று.

எண்பதாம் வருடம் ஏப்ரலில் துறைமுகம் திறந்தது. நாட்டை விட்டுப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். கடலுக்கு அப்பால் வடக்கே இருந்த உறவினர்கள் படகு அனுப்பினார்கள். போவதற்குப் பெயர் கொடுத்தவர்களின் வீட்டு முன்னால் கூட்டம் கூடி "புழுக்களே, போங்கள்!" என்று கத்துவதும், முட்டை அடிப்பதும் ஒவ்வொரு தெருவிலும் நடந்தது. அவரவர் பட்டறை, அவரவர் பள்ளிக்கூடம் அதற்கென்று வரிசையில் கிளம்பின. எங்கள் பட்டறையில் அந்தப் பொறுப்பு அர்செனியோவிடம் இருந்தது. அவர் கட்சிக் கிளையின் செயலாளர். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவரும் நான்காம் வரிசையில் சுருட்டுச் சுற்றியவர்தான். கெட்ட மனிதரில்லை. யாருக்கு ரத்தம் தேவையென்றாலும் முதலில் கையை நீட்டுகிறவர். வாசிப்பு நடக்கும்போது சுவரில் சாய்ந்து நின்று கேட்டு, ஒளிக்காமல் அழுகிறவர்.

அவர்தான் அந்த யோசனையோடு வந்தார். தட்டச்சு செய்த ஒரு காகிதம். போரில் தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்காவின் கடிதம்.

"செய்தித்தாளுக்கு அப்புறம் இதை வாசிச்சிடுங்க தோழர். உங்க குரல்ல."

"இது எதுக்கு?"

"எரக்கம்ங்கறது ஆத்துத் தண்ணி மாதிரி. சும்மா விட்டா கண்ட பக்கம் ஓடி வீணாப் போகும். கரை கட்டி நமக்கு வேணுங்கற பக்கம் திருப்பணும்."

ஒனேலியா வாசித்தாள். நல்ல கடிதம். பட்டறை அழுதது. அழுத முகத்தோடு அப்படியே எழுப்பி, வரிசையில் நிறுத்தி, போகப் பெயர் கொடுத்திருந்த தபால் அலுவலக எழுத்தர் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் முட்டைத் தட்டுகள் தயாராக இருந்தன. ஒனேலியா கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். அவளும் எறிந்தாள். அது சுவரில் பட்டது. புரா எறிந்தது ஜன்னலுக்குள் போய், எட்டிப்பார்த்த ஆறு வயதுப் பெண்குழந்தையின் தலையில் உடைந்தது. குழந்தை அழவில்லை. நெற்றியில் இறங்கிய மஞ்சள் கருவை விரலால் தொட்டுப் பார்த்தது.

திரும்பி வரும்போது புரா, "என்னடி, செவுத்துல போட்ட? கையில சுளுக்கா?" என்று கேலி செய்தாள். ஆனால் பாதி வழிக்குமேல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது ஒனேலியாவுக்கு உறைத்தது இதுதான். யாரும் பொய்யாக அழவில்லை. அர்செனியோகூட. நாவலில் செத்த குழந்தைக்காக உருகின நெஞ்சு, நிஜக் குழந்தையின் தலைமேல் முட்டையை உடைக்கவிடாது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். உருகின நெஞ்சுதான் கையைத் தூக்கிவிட்டது. அழுகிறவர்களுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆளைக் காட்டினால் போதும். அந்த அழுகையைத் தயாரித்துக் கொடுத்தவள் தான்.

அடுத்த வாரம் எவெலியோ வந்து வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

எவெலியோ பினோவுக்கு அறுபது வயது. நான்காம் வரிசை. முப்பத்திரண்டு வருடமாக ஒரே பெஞ்சு. பட்டறையின் மிகப்பெரிய சுருட்டுகள் அவர் கையில்தான் பிறந்தன. புராவின் கணவன் சாந்தா கிளாரா நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும், தன் பங்கை முடித்துவிட்டு புராவின் பங்கையும் சுற்றி அவள் பலகையில் அடுக்கிவைத்தவர். யாரிடமும் சொல்லாமல். அவர் மகள் ஒன்பது வருடத்துக்கு முன்பு கடல் தாண்டித் தாம்பாவுக்குப் போனவள். பேத்தியின் குரலை மட்டும் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். இவர்களை அழைத்துப்போக மருமகன் படகு பிடித்துவிட்டான்.

கடிதம் கொடுத்துவிட்டு வெளியே போகிற வழியில் மேடையருகே நின்றார். யாரும் நிமிரவில்லை.

"ஒனேலியா, மகளே. நாவல்ல அந்தக் கப்பல் டாக்டர் கடைசில பொண்டாட்டிகிட்ட திரும்பிப் போறானா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு. முடியறப்ப நான் இங்க இருக்கமாட்டேன்."

"முடிவைச் சொல்லக்கூடாது எவெலியோ. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். கேட்டுப் பாத்தேன்."

தன் பலகையைத் துணியால் துடைத்து, கத்தியை அதன் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அர்செனியோ மேடைக்கு வந்தார். கையில் காகிதம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நாவல் வேணாம். இதை வாசிங்க. நம்ம ஊரு ஹோவிதா எழுதினது. பையன் அங்கோலாப் போர்ல செத்தானே, அந்தம்மா. வாசிச்சு முடிச்சதும் நேரா எவெலியோ வீடு. ஒரு மணிக்கு போலீஸ் ஜீப் வந்து அவங்களக் கூட்டிட்டுப் போயிடும். அதுக்குள்ள நாம போயாகணும்."

"எவெலியோ நம்ம ஆளு அர்செனியோ. உங்க பக்கத்துப் பெஞ்சு."

"அதனாலதான் வலிக்குது. எவனோ போனா எனக்கென்ன?"

"நான் வாசிக்கலைன்னா?"

"நான் வாசிப்பேன்." அவர் சிரித்தார்; அதில் பகையில்லை. "ஆனா நான் வாசிச்சா ஒரு பயலும் அழமாட்டான். பாதிப் பேரு காப்பி குடிக்க நழுவிடுவான். நீங்க வாசிச்சா..." அவருக்கே கண் கலங்கியது. "ஹோவிதா பாவம் தோழர். எவெலியோ வீட்டுக்கு மூணாவது வீடு. எவெலியோ போறார்னு தெரிஞ்சதிலேருந்து அந்தக் குடும்பத்தோட பேச்சுவார்த்தை இல்ல. அந்தம்மாவோட வேதனைக்காக இதைக்கூட செய்ய வேணாமா?"

அர்செனியோ தப்புச் செய்தது அங்கேதான். சாப்பாட்டு வேளையில் முற்றத்தில் ஒரு கூட்டம் போட்டிருக்கலாம். வாசிப்பு நேரத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். அது வேறு நாடு. அங்கே வேறு சட்டம். முப்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாமல் போனது ஆச்சரியம்தான். இரண்டு வருடம் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படி ஆகும் போல.

ஒனேலியாவிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லும் துணிவும் இருக்கவில்லை. அரசாங்க லாரி ஓட்டும் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தாள். ஒரு சொல் தவறினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். காலையில் மேடையேறினாள். வாசலில் பன்னிரண்டு முட்டைத் தட்டுகளை இறக்கியிருந்தார்கள். குவளையைத் துடைத்தாள். கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள்.

ஹோவிதா நன்றாக எழுதியிருந்தார். மகன் போவதற்கு முந்தின வாரம் காலணிக்கு அடித்தோல் தைக்கக் கொடுத்திருக்கிறான். செருப்புத் தைக்கிறவர் அதை இன்னும் கடையில் வைத்திருக்கிறார். வழியில் பார்க்கும்போதெல்லாம் எப்போது வாங்கிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்கிறார். நான் வேறு தெரு வழியாகப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இப்படி இருந்தது: "என் மகன் திரும்பி வராத இந்த மண்ணை விட்டு, பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது."

வாசித்து நிறுத்தினாள். மூக்கு உறிஞ்சும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. புரா முன்கையால் கண்ணைத் துடைத்தாள். சுவரில் சாய்ந்திருந்த அர்செனியோ கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

காகிதத்தைக் கவிழ்த்துவைக்க வேண்டும். "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. மேடையிலிருந்து பார்த்தால் நான்காம் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி. துடைத்த பலகை, நடுவில் கத்தி. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. ஒரு மணிக்கு இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

அவள் கடிதத்தைக் கவிழ்க்காமல் ஓரமாக நகர்த்தினாள். அடியிலிருந்த நாவலை இழுத்து விரித்தாள். கடைசி வரியைத் தேடிப் போகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, எங்கே போய் இறங்கப்போகிறோம் என்று தெரியாமல் தொடங்கினாள்.

"அத்தியாயம் இருபத்தேழு. கப்பல் கரையை நெருங்கியபோது டாக்டர் சவரம் செய்துகொண்டிருந்தார்..."

"தோழர்." அர்செனியோ மேடையருகே வந்தார். "தோழர் ஒனேலியா, நாவல் இன்னைக்குக் கிடையாது. சொன்னேன்ல?"

அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒனேலியா!"

பின் வரிசையில் எங்கோ ஒரு கத்தி தரையில் விழுந்தது. ஒன்றே ஒன்று. அர்செனியோ திரும்பிப் பார்த்தார். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. புரா இலையை விரித்தபடி, நிமிராமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்:

"வாசிப்பு நடக்குது அர்செனியோ. உக்காரு."

அவர் உட்கார இடம் தேடினார். அந்தப் பெரிய கூடத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு போய் எவெலியோவின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு எழ முடியாது. அவரும் இந்தப் பட்டறையில் வளர்ந்தவர்தானே.

பக்கத்து வரிசையிலிருந்து யாரோ ஒரு பிடி இலையை அவர் பலகைமேல் தள்ளினார்கள். வெறுங்கையோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அசிங்கம். அவர் இலையைத் தடவினார், நறுக்கினார். பத்து நிமிடத்தில் கைகள் தம் பழைய வேலையை நினைவுபடுத்திக்கொண்டன.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை. சமையல்காரர் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, "அவரைக்கொட்டை ஆறுதுய்யா, வரீங்களா, பன்னிக்குப் போடவா?" என்று கேட்டார். பத்துப் பேர் உதட்டில் விரல் வைத்தார்கள். அவர் கூடத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். எவெலியோவின் இடத்தில் குனிந்திருந்த செயலாளரைப் பார்த்தார். கரண்டியைக் கதவுச் சட்டத்தில் மாட்டிவிட்டு, அப்படியே சாய்ந்து கேட்கத் தொடங்கினார்.

பதினொன்று நாற்பதுக்கு நாவல் முடிந்துவிட்டது. டாக்டர் மனைவியிடம் திரும்பிப் போனார். கத்திகள் பலகைகளில் பொழிந்தன. பொழிவு ஓய்ந்தால் மௌனம் வரும். மௌனம் வந்தால் எல்லாம் முடிந்தது. ஒனேலியாவின் தொண்டை அதற்குள் மணல் போலாகியிருந்தது. மேசைமேல் வேறு புத்தகம் கிடையாது. காலைச் செய்தித்தாளை ஜன்னல் துடைக்க முன்பே கொண்டுபோயிருந்தார்கள். அர்செனியோ பெஞ்சிலிருந்து பாதி எழும்பினார்.

அவளுக்குப் பின்னால் சுவரில், சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கியது. கையை நீட்டி அதை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"தீயணைப்பான். உபயோகிக்கும் முறை," என்று தொடங்கினாள். நாவலுக்குக் கொடுத்த அதே குரல், அதே தணிவு. "ஒன்று. பதற்றமடைய வேண்டாம்."

கூடத்தில் ஒரு கனைப்பு. அது சிரிப்பாக மாறுவதற்குள் அடக்கிக்கொண்டார்கள்.

"இரண்டு. பாதுகாப்பு ஊசியை உருவவும். மூன்று. குழாயைத் தீயின் நாக்கை நோக்கிப் பிடிக்க வேண்டாம். அதன் அடியை நோக்கிப் பிடிக்கவும்."

அர்செனியோ மறுபடி உட்கார்ந்தார்.

பதினான்கு விதிகள். அதன்பின் பக்கத்து ஆணியில் தொங்கிய, சமையல்கூடத்தின் சுகாதார அறிவிப்பு. அதை அவள் வாசிக்க வாசிக்க வாசலில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சென்ற வருடத்து டொமினோ போட்டியின் ஆட்டக் குறிப்பு. "காலிறுதியில் புரா, ஆட்டத்தின் நடுவில் காயை மேசைமேல் வீசியதற்காக எச்சரிக்கப்பட்டார்" என்ற இடத்தில் கூடம் குலுங்கியது. புராவின் காது சிவந்தது. பிறகு சுருட்டுப் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருந்தது, நான்கு பக்கமும். பன்னிரண்டரை. மேடையில் எழுத்து என்று எதுவும் மிச்சமில்லை. ஒனேலியா குவளையைப் பார்த்தாள். அதில் தண்ணீரும் இல்லை. குரல் முதல்முறையாக உடைந்தது.

இரண்டாம் வரிசையில் பலகைமேல் கத்தி இரண்டு முறை தட்டியது. டக், டக்.

புரா நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கேலியில்லை.

"அந்தத் தீயணைப்பான். மொதல்லேருந்து," என்றாள்.

இன்னொரு மூலையில் டக், டக். பிறகு மூன்றாம் வரிசை முழுவதும். அப்போதுதான் ஒனேலியாவுக்குத் தெரிந்தது, தான் தனியாக வாசித்துக்கொண்டிருக்கவில்லை என்று. எவ்வளவு நேரமாக அவர்களுக்குத் தெரியும்? ஒருவேளை டாக்டர் சவரம் செய்துகொண்டிருந்த வரியிலிருந்தே.

"தீயணைப்பான்," என்றாள். "உபயோகிக்கும் முறை. ஒன்று."

யாரோ ஒருவர் தன் தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றினார். யாரும் எழாமலேயே அது பெஞ்சு பெஞ்சாகக் கடந்து மேடைக்கு வந்தது.

மூன்றாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது, எட்டாம் விதியில், ஜன்னலோர வரிசையிலிருந்து தட்டல் தொடங்கியது. எவெலியோவின் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக அந்த ஜன்னல்களைக் கடந்துதான் ஆகவேண்டும். ஜீப்பின் பின்னிருக்கையில் எவெலியோ உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி மடியில் ஒரு தொப்பியோடு. சட்டை சுத்தமாக இருந்தது. முடி சுத்தமாக இருந்தது. பட்டறையைக் கடக்கும்போது அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் தட்ட, அடுத்த வரிசை தட்ட, அதற்கடுத்தது தட்ட, நூற்றுச் சொச்சம் கத்திகளும் பலகைகளில் இறங்கின. ஒனேலியாவுக்குத் தன் குரலே கேட்கவில்லை. ஒன்பதாம் விதியை உதட்டால் மட்டும் வாசித்தாள். ஜீப் திருப்பத்தில் மறைந்த பிறகும் ஒரு நிமிடம் அந்த மழை விடவில்லை. தூசி கூரையிலிருந்து உதிர்ந்தது.

அவள் சட்டத்தை மேசைமேல் கவிழ்த்தாள்.

"இன்றைக்கு இவ்வளவுதான்."

யாரும் முதலில் எழவில்லை. அர்செனியோவின் பலகையில் பத்தொன்பது சுருட்டுகள் இருந்தன. புரா தன் இடத்திலிருந்து எழுந்து போய் அவற்றில் ஒன்றை உருட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கோணல். ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து கை போயிடுச்சுய்யா உனக்கு."

அவர் பலகையைத் துணியால் துடைத்து, கத்தியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இந்த முட்டையை என்ன பண்றது?" என்று வாசலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"முட்டையை என்ன பண்ணுவாங்க? சட்டியில ஒடைப்பாங்க," என்றார் சமையல்காரர்.

பன்னிரண்டு தட்டு. ஆளுக்கு மூன்று முட்டை வந்தது. ரேஷனில் வாரத்துக்குக்கூட அவ்வளவு வராது. ஆறின அவரைக்கொட்டையோடு அவ்வளவு சத்தமாகச் சாப்பிட்ட மதியம் அந்தப் பட்டறையில் வேறு இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து இருவர் விசாரிக்க வந்தார்கள். வாசிப்பு நேரத்தை அத்துமீறி நீட்டியது, திட்டமிட்ட நிகழ்ச்சியைக் கெடுத்தது. மேலாளர் அன்றைய உற்பத்திக் குறிப்பை எடுத்துக் காட்டினார். யாரும் எழாமல் உட்கார்ந்திருந்ததில் அந்த வருடத்திலேயே மிக அதிகமாகச் சுருட்டு சுற்றப்பட்ட நாள் அது. வந்தவர்கள் அர்செனியோவைப் பார்த்தார்கள். நீங்கள் ஏன் தடுக்கவில்லை?

"வாசிப்பு நடக்கறப்ப எந்திரிக்கறது இந்தப் பட்டறையில வழக்கமில்ல தோழர்," என்றார் அவர். "நானும் எந்திரிக்கல."

வாசிப்பவளை மாற்றுவதா என்று பட்டறையே முடிவுசெய்யட்டும் என்றார்கள். பலகைகள் அதிர்ந்தன. ஒரே ஒரு கத்தி தரையில் விழுந்தது. அது கை நழுவி விழுந்தது என்று அதன் சொந்தக்காரர் வருடக்கணக்கில் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

ஊரில் மற்றத் தெருக்களில் அதன் பிறகும் முட்டைகள் பறந்தன. ஆனால் எங்கள் பட்டறையிலிருந்து யாரும் வரிசையாகக் கிளம்பவில்லை. பத்து மணி வாசிப்பில் எந்தக் கடிதமும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் புரா ஒரு மதியம் தபால் எழுத்தர் வீட்டுக்குப் போனாள். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். கதவில் அரசாங்க முத்திரை இருந்தது. ஜன்னலுக்குக் கீழே காய்ந்துகிடந்த மஞ்சளை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். ஒனேலியா தாம்பாவில் இருந்த எவெலியோவுக்கு ஓர் அட்டை எழுதினாள். அதில் ஒரே வரி: "திரும்பிப் போகிறான்." அது போய்ச் சேர ஏழு மாதம் ஆயிற்று. அவள் இன்னும் பதினைந்து வருடம் வாசித்தாள். அழவைப்பதை விடவில்லை. ஆனால் அழவைத்த பிறகு உடனே கவிழ்த்துவைக்கமாட்டாள். இன்னும் இரண்டு பக்கம், சும்மா ஏதாவது, ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறவரைக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எவெலியோவின் பேத்தி ஊரைப் பார்க்க வந்தாள். அவள் சொல்லித்தான் எங்களுக்கு, ஒனேலியாவுக்கும் சேர்த்து, இது தெரிந்தது. அந்தக் காலையில் ஒன்பது மணிக்கே ஹோவிதா எவெலியோ வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாராம். எவெலியோவின் மனைவி பயந்துபோய், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"என் பேரைச் சொல்லி இங்க ஆளுங்க வரப்போறாங்களாம். வந்தா மொதல்ல என்னைப் பாக்கட்டும். எனக்குக் கோவம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. அது என் கோவம். அதை இவங்க ஏன் தூக்கிட்டு அலையணும்?"

அதற்குமேல் அவர் அந்தக் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப் வருகிறவரை நான்கு மணிநேரம் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியை அவர் தன் வீட்டிலிருந்தே தூக்கி வந்திருந்தார். எவெலியோ வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் அதிகாரிகள் முந்தின நாளே, இனி அரசாங்கச் சொத்து என்று எண் ஒட்டி, யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.